வால்டரின் ஃப்ரீசரில் இருந்த ரொட்டிகள்

வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. இது அரசாங்க ஊழியருக்கான தாபனக் கோவையிலும் இல்லை, நிதிப் பிரமாணத்திலும் இல்லை. இரத்தினபுரியின் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக, தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அந்த இரண்டிலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை நான் நன்றாக அறிவேன். இறக்குவானைக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளில், யாரும் எழுதி வைக்காமலே எல்லோரும் அனுசரித்த சட்டம் இது. பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து கறி வந்தால், சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அதற்குள் ஏதாவது இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாத வீட்டில் ஒரு பிடி சீனி போடுவார்கள். சீனியும் இல்லையென்றால் நாலு கொச்சிக்காய், அதாவது மிளகாய். கால எல்லை கிடையாது. ஆனால் சட்டி வரத் தாமதமானால் இரண்டு வீட்டுக்கும் அது தெரியும், மற்ற வீடுகளுக்கும் தெரியும். கனடாவில், மனிடோபா மாநிலத்தின் ஒரு சிறிய நகரத்தில், என் மகள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன பெட்டிகளில் ஒன்றுகூடப் பல வாரமாகத் திரும்பி வரவில்லை. வெறுமையாகக்கூட வரவில்லை.

பெட்டிகள் எப்படிப் போயின என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். மகள் சுமதி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். மருமகன் ரமேஷ் பெரிய லொறி ஓட்டுகிறார். போனால் பல நாள் கழித்துத்தான் வருவார். வந்தாலும் அவர் வரும் நேரத்தில் சுமதி போய்க்கொண்டிருப்பாள். கணவனும் மனைவியும் அதிகமாகச் சந்தித்துக்கொள்ளும் இடம் கராஜ் வாசல். அதனால் ஞாயிறுதோறும் மொத்தமாகச் சமைத்து உறைய வைப்பார்கள்; இந்த வீட்டில் அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என்ன சாப்பாடு என்பது இந்த மாதமே முடிவாகிவிடும். நான் வந்து இறங்கிய முதல் வாரத்தில் சுமதி பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு வெள்ளைப் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். ஆள் படுக்கலாம் போன்ற பெட்டி. "இதுதாம்ப்பா எங்க குசினி. மேல இருக்கிறது சும்மா சூடாக்கிற இடம்" என்றாள். உள்ளே ஐஸ்கிரீம் டப்பாக்களில் பருப்பு, கோழிக்கறி, கத்தரிக்காய். எது எது என்று ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை. கறி என்று நினைத்து எடுத்தது உருகினால் இரசமாக இருக்கும். என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நிர்வாகத்தை நான் பொறுப்பேற்றேன்.

கற்றுக்கொண்டதைப் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்குச் சொல்லி வைக்கிறேன். உருளைக்கிழங்கு போட்ட கறியை உறைய வைக்காதீர்கள். உருகும்போது மணல் மணலாகிவிடும். தேங்காய்ப்பாலை முதலிலேயே விட்டு உறைய வைத்தால் திரிந்துபோகும். கறியைக் கெட்டியாக எடுத்து வைத்து, சூடாக்கும்போது பால் விடுங்கள். பருப்புக்கு ஒன்றும் ஆகாது. டின்னில் வரும் பொலஸை, அதுதான் நம்முடைய பிஞ்சுப் பலாக்காயை, சிங்களவர் செய்வதுபோலக் கறுக்க வதக்கி வைத்தால் உறைந்து உருகியபின் முன்னைவிட நன்றாக இருக்கிறது. தேங்காய்ப்பூ போட்ட கோதுமை மா ரொட்டியை ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மெழுகுத் தாள் வைத்து அடுக்குங்கள். எல்லாம் ஆறிய பிறகே உள்ளே போக வேண்டும். மூடியில் பெயரும் திகதியும் எழுத வேண்டும். நான் தமிழில் எழுதினேன். பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. மருமகனுக்குத் தெரியும், ஆனால் அவர் வாசிப்பதில்லை.

முன்கூட்டிச் சமைப்பதைக் கனடாக்காரர் கண்டுபிடித்ததுபோல இங்கே டிவியில் பேசுகிறார்கள். தோட்டத்தில் என் அம்மா, விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதற்குள் மூன்று வேளைச் சாப்பாட்டையும் முடித்துவிடுவாள். விறகு அடுப்பின் புகைக்குள் உட்கார்ந்து ரொட்டி தட்டுவாள். காலைக்கு ஒரு அடுக்கு, மலைக்குக் கொண்டுபோக ஒரு அடுக்கு, பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்களுக்கு ஒரு அடுக்கு. துணியில் சுற்றி, பூனை எட்டாத உயரத்தில் கயிற்றில் தொங்கும். மத்தியானம் நாங்கள் அவிழ்க்கும்போது ரொட்டி செருப்பு மாதிரி இருக்கும். பாலில்லாத தேநீரான சாயத்தண்ணியில் தோய்த்துத் தின்போம். இன்று மைக்ரோவேவிலிருந்து ரொட்டியை எடுக்கும்போது அது மெத்தென்று இருக்கிறது. எனக்கு அதில் ஏதோ குறைகிறது. பல் விழுந்த வயதில் கடினமான ரொட்டிக்கு ஏங்குகிறேன்.

இங்கே தமிழர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்தவர்கள். கோயிலில் பார்த்தால் "எந்த ஊர்?" என்பார்கள். இறக்குவானை என்றதும் முகம் யோசிக்கும். "அது வவுனியாவுக்கு இங்காலையோ, அங்காலையோ?" என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார். நிறையவே அங்காலை, தெற்கே என்றேன். என் பேச்சில் பாதி சிங்களம் கலந்திருக்கிறது என்று மருமகனின் தாயார் தொலைபேசியில் சுமதியிடம் வருத்தப்பட்டாராம். உண்மைதான். எங்கள் சட்டிகள் கீழே சிங்களக் கிராமத்துக்கும் போய் வந்தவை. சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ் பலகாரம் வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும். இடையில் இனக்கலவரம் வந்த ஒரு கெட்ட காலத்தில் லயத்துக் கூரையில் கல்லும் விழுந்தது. அடுத்த சித்திரையில் கொக்கிஸ் வராது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தது. அம்மா சட்டியை வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளே போய் அதில் சீனி போட்டாள்.

ஓய்வு பெற்றபின் இறக்குவானை டவுனில் ஒரு சிறிய வீடு கட்டினேன். பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹனீபா நானாவின் வீடு. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். என் மனைவி போய்ச் சேர்ந்த நாளில் எங்கள் அடுப்பு எரியவில்லை, எரியவும் கூடாது. நானாவின் மனைவி ஜெஸீமாதான் காரியம் முடியும் வரை சோறு அனுப்பினாள். நான் கனடாவுக்குப் புறப்பட்ட அன்று வேன் வாசலில் நிற்கும்போது எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டியோடு ஓடிவந்தாள்.

"அண்ணே, வழியில சாப்பிட ரொட்டியும் கட்டச் சம்பலும் வச்சிருக்கேன். பெட்டி பத்திரம், எங்கட வாப்பா வாங்கித் தந்தது."

"அப்ப ஏன் இதுல தாறீங்க, ஒரு பையில போட்டுக் குடுத்திருக்கலாமே" என்றேன்.

நானா கடை வாசலில் நின்று சிரித்தார். "பையில குடுத்தா நீங்க திரும்பி வரணும்னு என்ன இருக்கு? வரக்கொள்ள வெறும் பெட்டியோட வந்தா உள்ள எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

ரொட்டியையும் அந்த மிளகாய்ச் சம்பலையும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தின்று முடித்தேன். பெட்டி இங்கே சுமதியின் குசினி அலுமாரியில், மேல் தட்டில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு வால்டர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உக்ரேனிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களின் வம்சம் என்று சுமதி சொன்னாள். காடு வெட்ட வந்தவர்களின் பிள்ளை என்றதும் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது; எங்கள் பாட்டன்மாரும் தேயிலைக்காகக் கடல் கடந்து காடு வெட்ட வந்தவர்கள்தான். ஆனால் வேலிக்கு மேலால் கையசைப்பதோடு சரி. முதல் பனி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய மனைவி ஐரீன் இறந்துபோனார். சவ அடக்கம் முடிந்து அந்த வீட்டின் முன்னால் நின்ற கார்களெல்லாம் போய்விட்டன. மாலையில் எங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வால்டர் குசினி மேசையில் தனியாக உட்கார்ந்து கடையில் வாங்கிய பாண் ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் சாவுக்காரன் தானே பாண் சுட்டுத் தின்கிறான். நான் பேஸ்மென்ட்டுக்குப் போய் ரொட்டியில் ஒரு டப்பா, பருப்பில் ஒரு டப்பா, பொலஸில் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு போய் மணியடித்தேன்.

கதவு திறந்தது. அரசாங்கத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆங்கிலக் கடிதம் எழுதிய எனக்கு அந்த இடத்தில் ஒரு வாக்கியம் வரவில்லை. "உங்கள் ஃப்ரீசருக்கு" என்று டப்பாக்களை நீட்டினேன்.

"என் ஃப்ரீசருக்கா?"

"ஆம். தேவைப்படும் வரைக்கும்."

அவர் என்னையும், கல்லாக உறைந்திருந்த டப்பாக்களையும், மூடியில் இருந்த தமிழ் எழுத்தையும் பார்த்தார். "சரி. இடம் இருக்கிறது" என்று வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் பொறுத்தேன். பெட்டி வரவில்லை. கச்சேரியில் பதில் வராத கடிதத்துக்கு ஒரே வழிதான்: முதலாம் நினைவூட்டல். கோழிக்கறியும் ரொட்டியும் அனுப்பினேன். வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டாம் நினைவூட்டல், கத்தரிக்காய். ஒவ்வொரு தடவையும் மரியாதையாக வாங்கி, "கவலைப்படாதீர்கள்" என்றார். எனக்கு எதற்குக் கவலை என்று புரியவில்லை.

"அப்பா, இங்க யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க. பாவம், அந்த மனுசனுக்கு உறைப்பு ஒத்துக்காது. வேண்டாம்னு சொல்லத் தெரியாம வாங்கி குப்பையில போடுறாரோ என்னவோ" என்றாள் சுமதி.

"பிடிக்காட்டியும் டப்பாவைக் கழுவிக் குடுக்கலாமே."

"ஐஸ்கிரீம் டப்பாப்பா அது. அதைப் போய் யாரு திருப்பிக் குடுப்பாங்க?"

அவள் சொன்னது எனக்கு டப்பாவைப் பற்றியதாகப் படவில்லை. அந்த நாட்களில் எங்களுக்குள் இன்னொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. என் விசா முடியப்போகிறது. நீடிப்பதற்கான விண்ணப்பத்தை அவளே நிரப்பி வைத்திருந்தாள். நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். "உங்களுக்கு அங்க யாருப்பா இருக்காங்க?" என்று கேட்பாள். நியாயமான கேள்வி. பார்ப்போம் என்பேன். ஃப்ரீசரை மாதாமாதம் நிரப்பிக்கொண்டு, தமிழ் வாசிக்காத வீட்டில் தமிழில் பெயர் எழுதிக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவதா, பூட்டிய வீட்டுக்குத் திரும்புவதா? அவளிடம் சொல்லாமல் எனக்கு நானே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். கொடுத்த பாத்திரம் திரும்பி வராத ஊரில் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

கிறிஸ்மஸ் கழிந்த ஒரு நாள், மூக்கில் மூச்சு உறையும் குளிரில், வால்டர், பிள்ளைகள் பனியில் சறுக்கும் வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். வண்டியில் என் டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

"என் ஃப்ரீசர் செத்துவிட்டது" என்றார். "பயப்படாதீர்கள். இரவே எல்லாவற்றையும் வெளியே பனிக்குள் புதைத்துவிட்டேன். ஒன்றும் கெடவில்லை. சரியாக இருக்கிறதா, எண்ணிப் பாருங்கள்."

நான் மூடிகளைப் பார்த்தேன். ஒன்றும் திறக்கப்பட்டிருக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஃப்ரீசரில் இடம் போதாமல் நான் அவரிடம் இடம் கேட்டதாக மனுசன் நினைத்திருக்கிறார். மனைவியைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில், ஒரு அந்நியனின் சாமானை இத்தனை நாள் காவல் காத்திருக்கிறார். கச்சேரிக் களஞ்சியத்தில் ஒரு களஞ்சியக் காப்பாளர்கூடச் சரக்கை இப்படி முழுதாகத் திருப்பி ஒப்படைத்ததை நான் பார்த்ததில்லை. சுடச்சுடக் கொடுத்த சோற்றுக்கு எந்த ஊரிலும் விளக்கம் வேண்டியதில்லை. கல்லாகக் கொடுத்துவிட்டு, அது சோறு என்று அந்த மனுசன் தானாகவே அறிய வேண்டும் என்று எதிர்பார்த்தேனே.

"இது உங்களுக்கு. சாப்பிட" என்றேன்.

"எது?"

"எல்லாம்."

வால்டர் வண்டியில் சாய்ந்திருந்த ஒரு டப்பாவை நேராக்கினார். "ஐரீன் இருந்திருந்தால் என்னவென்று கேட்டிருப்பாள்" என்றார். "இந்த மாதிரி விஷயங்களையெல்லாம் அவள்தான் கேட்பாள்."

உள்ளே கூட்டி வந்தேன். பருப்பைச் சூடாக்கிப் பால் விட்டேன், பொலஸைச் சட்டியில் போட்டேன், ரொட்டியைக் கல்லில் திருப்பினேன். அவர் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையால் பிய்த்தார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. நிறுத்தவில்லை. வேலை முடிந்து வந்த சுமதி குசினி வாசலில் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாள்.

"என்னப்பா நடக்குது இங்க?"

"சாவு வீட்டுச் சாப்பாடு" என்றேன். "கொஞ்சம் தாமதமாயிருச்சு."

போகும்போது கோழிக்கறி டப்பா ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை அது என்ன என்று இருவருக்கும் தெரியும். ஆகவே சட்டப்படி கணக்கு அன்றுதான் தொடங்கியது. பொங்கல் வந்து போனது. சுமதி விண்ணப்பத்தை என் தலையணைக்குப் பக்கத்துக்கு மாற்றி வைத்தாள். வால்டர் வீட்டுக் குசினியில் வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது. டப்பா வரவில்லை. நினைவூட்டல் அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை.

பிறகு ஒரு மாலை மணியடித்தது. வால்டரின் கையில் நீலப்பூப் போட்ட கண்ணாடித் தட்டு, மேலே துணி. "உங்கள் டப்பா பாத்திரம் கழுவும் மெஷினில் உருகிப்போய்விட்டது. இது ஐரீனுடைய தட்டு" என்றார். துணியை எடுத்தேன். எங்கள் கொழுக்கட்டையை யாரோ கண்ணை மூடிக்கொண்டு பிடித்ததுபோல இருந்தது. பெரோகி என்றார், உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும். ஐரீன் ஒரு குளிர்காலத்துக்கு வேண்டியதைச் செய்து உறைய வைத்துவிடுவாராம். இவர் ஒரு நாளும் மாவைத் தொட்டதில்லை. சில வெடித்திருந்தன. சிலவற்றுக்கு வாயே மூடவில்லை.

"பல தடவை செய்து பார்த்தேன். இதுதான் காட்டக்கூடியது" என்றார். "சும்மா தட்டை எப்படிக் கொண்டுவருவது? ஐரீன் விடமாட்டாள்."

வெண்ணெயில் பொரித்து, பிள்ளைகளோடு தின்றோம். உப்புக் குறைவு. ஒன்றும் மிஞ்சவில்லை. தட்டைக் கழுவித் துடைத்து அலுமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் ஜெஸீமாவின் எவர்சில்வர் பெட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஐரீனின் தட்டை வைத்தேன். இரண்டும் வெறுமையாக இருந்தன. இரண்டும் எனக்குச் சொந்தமில்லை. ஒன்றை நிரப்ப நான் இங்கே இருக்க வேண்டும். மற்றதை நிரப்பிக்கொண்டு அங்கே போக வேண்டும். விண்ணப்பத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். சுமதி அதைப் பறித்துக்கொண்டதும், சித்திரைக்குக் கொழும்புக்குப் போய்வர டிக்கெட் என்ன விலை என்று பார்க்கச் சொன்னேன்.

"அப்ப நீங்க இருக்கீங்களா, போறீங்களா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

பெரோகி செய்யும் முறையை வால்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். ஜெஸீமாவின் பெட்டிக்குள் வேறு எதைச் செய்து போடுவது? எழுதிய தாளின் மேல் மூலையில், கச்சேரிப் பழக்கத்தில், கை தானாகவே குறித்தது: பதில் கிடைத்த திகதி, தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை.