உருட்டுக் கொட்டகையின் விடைத்தாள்கள்

மகளின் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் முதுகு கிழிந்துவிட்டதென்று மைதாப் பசை காய்ச்சினேன். அந்த வாசனையோடு விஸ்வநத்தத்துக் கொட்டகையும் வந்துவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் வெடிக்கான காகிதக் குழாய்களை அங்கேதான் பசை தடவி உருட்டுவோம்; எடைக்கு வாங்கிய பழைய விடைத்தாள்கள் உள்ளங்கைக்கடியில் சரசரத்துச் சுருள, யாரோ எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளை, ஆசிரியர் போட்ட சிவப்புச் சுழிகளோடு, வாசித்து வாசித்தே நான் உருட்டுவேன்.

"எளுதினவனே பெயிலு. அதைப் படிச்சு நீ எப்படிப் பாசாகப் போறேட்டி?" என்று பக்கத்தில் உருட்டும் செல்வி சிரிப்பாள்.

ஆங்கிலப் பரீட்சைக்காக நான் பள்ளிக்குப் போயிருந்த ஒரு நாளில், அடுத்திருந்த வெடிமருந்து அறை வெடித்துக் கொட்டகை போனது. செல்வி உள்ளே இருந்தாள்.

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையில் மகள் இரண்டு முறை தோற்றுவிட்டாள். "போதும்மா, அலுத்துப்போச்சு. பட்டாசுக் கம்பெனி ஆபீஸ்ல ஆள் எடுக்காகளாம், போறேன்," என்கிறாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை எளுதுத்தா."

"எளுதினா மட்டும்?"

எழுதுகிற அந்த ஒரு நாளாவது நீ அந்தக் கம்பெனியில் இருக்கமாட்டாய் என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், பரீட்சைக்குப் பதியக் கேட்கும் அவளுடைய பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்தேன்.