சுவிட்சைப் போடச் சொன்னவள்

கல்மாவு ஆலையில் அவளை எல்லோரும் 'எதிர்க்கட்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் சூப்பர்வைசர். குடிதண்ணீர்த் தொட்டியில் வெள்ளையாக ஏடு மிதக்கிறதே, ஒரு மூடி போடக்கூடாதா என்று ஒருநாள் அவள் கேட்டாள். இந்தம்மா எதிர்க்கட்சி மாதிரி பேசுகிறாரே என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மூடி வரவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவளுக்குச் சாக்குக்கு வாய் தைக்கிற வேலை. கல்லை அரைத்து, சலித்து, குழாய் வழியாக மாவைச் சாக்கில் கொட்டுவார்கள். நிறைந்த சாக்கு உருளைகள் மேல் நகர்ந்து அவளிடம் வரும். தலைக்கு மேலே தொங்கும் கைமெஷினை இழுத்து, ஒரே ஓட்டமாகத் தைத்து, நூலை வெட்டித் தள்ளிவிடுவாள். சாக்கு ஒவ்வொன்றும் வந்து மோதும்போது புஸ்ஸென்று ஒரு மூச்சு விடும். அந்த மூச்சு முழுக்க மாவு, நேராக அவள் முகத்துக்கு. சாயங்காலம் ஆலையை விட்டு வெளியே வரும் பெண்களில் யார் மகள், யார் அம்மா என்று சொல்ல முடியாது. எல்லாத் தலையும் நரைத்திருக்கும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தூசியை உறிஞ்சுகிற மெஷின் ஒன்று அங்கேயே இருந்தது. லைசென்ஸுக்காக வாங்கி, குழாயெல்லாம் இணைத்து, சும்மா நிறுத்தி வைத்திருந்தார்கள். கரண்டு தின்னுமாம். அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் அது ஓடும். அவர்கள் வருவது ஆலைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தரையைக் கழுவுவார்கள், அரவையைப் பாதியாகக் குறைப்பார்கள், ஆளுக்கொரு புது முகக்கவசம் கொடுப்பார்கள். அதிகாரிகளின் வண்டி கேட்டைத் தாண்டியதும் மெஷின் நிற்கும். சூப்பர்வைசர் ஒவ்வொருவரிடமும் முகக்கவசத்தைத் திரும்ப வாங்கி அட்டைப்பெட்டியில் அடுக்குவார். அடுத்த தடவைக்கு வேண்டுமே.

ஒரு தடவை அவள் கொடுக்கவில்லை. மாட்டியபடியே வீட்டுக்கு நடந்துவிட்டாள். மறுநாள் கம்பெனிப் பொருளைத் திருடியதாக மெமோ வந்தது.

"கழட்டிக் குடுத்துடுங்கம்மா. மெமோவக் கிழிச்சுப் போட்டுடுறேன்" என்றார் சூப்பர்வைசர்.

"திருட்டுன்னா போலீஸ்ல சொல்லுங்க சார். இத எதுக்குக் குடுத்தீங்க, எப்ப வாங்கிக்கிட்டீங்கன்னு நானும் வந்து சொல்றேன்."

போலீஸுக்கு யாரும் போகவில்லை. அவளைத் தையல் மெஷினிலிருந்து எடுத்து, முற்றம் கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். தூசி அங்கேதான் இன்னும் அதிகம்.

ஆலையின் மதிலை ஒட்டிய தெருவில்தான் அவள் வீடு. பக்கத்து வீட்டில் அவள் நாத்தனார், கணவனின் தங்கை, லாண்டரி வைத்திருந்தாள். மொட்டை மாடி முழுக்கக் கொடி கட்டித் துணி காயப்போடுவாள். காலையில் போட்ட கறுப்புக் கால்சட்டை மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். ஒரு தடவை துவைக்க வேண்டியதை இரண்டு தடவை துவைத்து அவள் கை தோலுரிந்தது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு கடைக்கு நழுவினார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தெருக்காரர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினாள். சங்கத்துக்கு ஒரே கோரிக்கை, ஆலையை மூடு.

"அண்ணி, நீங்களும் மூடணும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உள்ள வேலை பாக்குறவங்களே சொல்றாங்கன்னா எடுபடும்."

"மூடிட்டா நாங்க இத்தனை பேரும் உன் கடைக்கு வந்து இஸ்திரி போடவா?"

"அப்ப என் பொழப்பு நாசமாப் போகட்டுமா?"

"யாரு பொழப்பும் போக வேணாம்டி. அந்த சுவிட்சப் போடச் சொல்றேன், அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதான் யாருக்கும் பிடிபடவில்லை. ஆலைக்குள் போனால், நாத்தனாரோடு சேர்ந்து எங்கள் சோற்றில் மண்ணைப் போடப் பார்க்கிறாள் என்றார்கள். தெருவுக்கு வந்தால், ஆலைக்காரனின் ஆள் என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அவள் அதுவரை பழமொழி என்றுதான் நினைத்திருந்தாள்.

லீவு போட்டு அலுவலகங்களுக்கு அலைந்தாள். தொழிலாளர் அலுவலகத்தில், தூசி என்றால் அது மாசு அலுவலகத்து விவகாரம் என்று அனுப்பினார்கள். மாசு அலுவலகத்தில், மதிலுக்கு உள்ளே இருக்கும் தூசி தொழிலாளர் விவகாரம், வெளியே வந்தால்தான் எங்களுடையது என்றார்கள். மதில் எங்கே முடிகிறது என்று தூசிக்குத் தெரியாது சார் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தெரிய வேண்டியவர்களிடம் மனுவாகக் கொடுங்கள் என்று பதில் வந்தது.

பிறகு குறைகேட்புக் கூட்டம் ஒன்று நடந்தது. மைக்கை முதலில் பிடித்தது நாத்தனார். ஆலையை மூடு என்று அவள் ஆரம்பித்ததும் தொழிலாளர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பதிலுக்குத் தெருக்காரர்கள் கத்தினார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த அதிகாரி எந்தப் பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் டீ குடித்து முடித்தார். அவள் முறை வந்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க வீட்டுக்கு யாராவது வர்றதா இருந்தா, சொல்லிட்டு வாங்கன்னுதான் நானும் சொல்லுவேன். அப்பதான் வீடு சுத்தமா இருக்கும். நீங்க விருந்தாளியா வர்றீங்களா, சோதனைக்கு வர்றீங்களா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். முன்னறிவிப்பு நடைமுறையில் உள்ளது என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் பையை ஒரு மூலையிலும் செருப்பை ஒரு மூலையிலும் வீசினாள். கணவன் எலக்ட்ரீஷியன். யாருடையதோ ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் சொல்லிக்கொண்டே போனாள். நாத்தனாரைத் திட்டினாள், தொழிலாளர்களைத் திட்டினாள், டீயைக்கூடத் திட்டினாள். ஃபேனிலிருந்து தலையைத் தூக்காமலே அவன் சொன்னான்:

"அந்த மெஷினுக்குத் தனி மீட்டர் வெச்சா ஓடுச்சா இல்லையான்னு மீட்டரே சொல்லிடும். ஆபீசருங்க சொல்லிட்டு வந்தா என்ன, சொல்லாம வந்தா என்ன?"

"இத ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீ எங்க என்னப் பேச விட்ட?"

அவனை அடிப்பதா அணைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் உடனே இறங்கி வரவில்லை. மீட்டர் வைத்தால் ஆலைக்கு ஆயுசு கூடும் என்றாள். மீட்டர் வைத்தும் மெஷின் ஓடவில்லை என்றால் மூடச் சொல்லி முதல் ஆளாகத் தானே கையெழுத்துப் போடுவதாக இவள் வாக்குக் கொடுத்தாள். இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டே இருக்க இருவரும் நெடுநேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் நாத்தனார் சரி என்றாள். தெருவும் ஆலையும் முதல் முறையாக ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன.

அதற்குப் பிறகும் எளிதில் நடக்கவில்லை. டீ குடித்த அதிகாரி மாற்றலாகிப் போனார். வந்த புதியவர், ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கம்மா என்றார். அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பிறகு அவர் பயிற்சிக்குப் போக, அவர் இடத்தில் இருந்தவரிடமும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்து, ஒருவழியாக உத்தரவு வந்து மீட்டர் மாட்டினார்கள். முதல் மாதம் மீட்டரில் எண் நகர்ந்த மாதிரியே இல்லை. கரண்டு வரவில்லை என்று முதலாளி சொன்னார். அரவை மெஷினுக்கு வந்த கரண்டு இதற்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டு, அதிகாரிகள் ஆலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

அந்த நாட்கள்தான் அவளுக்கு மிகவும் கஷ்டமானவை. வேலையில்லாமல் வீட்டில் இருந்த பெண்கள் அவளைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். வருஷக்கணக்காக அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் கதவைச் சாத்தினாள். இதற்கு முகக்கவசத்தையே திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்று அவளுக்குக்கூட ஒரு கணம் தோன்றியது.

இனி நிறுத்தமாட்டேன் என்று முதலாளி எழுதிக் கொடுத்து, பூட்டைத் திறந்தபோது மெஷின் ஓடியது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. சாக்கு தைக்க வந்த புது ஆளால் ஈடுகொடுக்க முடியாததால் அவளைப் பழைய இடத்துக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். பெண்கள் கறுப்புத் தலையோடு வீட்டுக்குப் போனார்கள். கதவைச் சாத்தியவள் ஒருநாள் ஒன்றும் நடக்காதது போல வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். மாடியில் கறுப்புத் துணி கறுப்பாகவே காய்ந்தது.

அடுத்த வருஷம் முதலாளிக்குத் தூய்மையான ஆலைக்கான பரிசு கொடுத்தார்கள். தொழிலாளர்கள் முகக்கவசத்தோடு முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. மேடையில் அவர் சுற்றுச்சூழல் மேல் தமக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் அக்கறையைப் பற்றிப் பேசினார். பின்வரிசையில் நாத்தனார் கைதட்டினாள். திரும்பும் வழியில் அதற்கு ஒரு சண்டை.

"நல்லது நடந்தாக் கைதட்டக் கூடாதா அண்ணி?"

"கழுத்தப் புடிச்சவன் கைய எடுத்ததுக்குக் கைதட்டணுமா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அதன் பிறகுதான் நாத்தனார் அவளை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், இது ஆலைத் தூசி, உள்ளே போனது இனி வெளியே வராது, மேலும் கூடாமல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாயால் சொன்னார். கையால் எழுதியது வெறும் 'நாள்பட்ட இருமல்'. வேலையால் வந்த நோய் என்று எழுத வேண்டுமானால் தொழிலாளர் அலுவலகம் அனுப்ப வேண்டுமாம். தொழிலாளர் அலுவலகத்திலோ, வேலையால் வந்தது என்று டாக்டர் எழுதினால்தான் அனுப்புவோம் என்றார்கள்.

அந்த அலுவலகத்துக்கு இரண்டு மாடி ஏறி வந்ததில் அவளுக்குப் பேச மூச்சு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். சண்டை போடுவதற்குக்கூடச் சலிப்பாக இருந்தது. கிளார்க் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு ஃபைலை மூடினார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த நாத்தனார் எழுந்து போய் மேசை முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க அண்ணி. இன்னைக்கு நான் பேசிக்கிறேன்."

பேசினாள். மாடி முழுக்கக் கேட்டது. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முடிவில் கிளார்க் உள்ளே போய், அதிகாரியின் கையெழுத்தோடு, டாக்டருக்கு ஒரு தாள் வாங்கி வந்தார். அதில் நோயாளியின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். நாத்தனார் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.