ஒரு நாள் முன்னால் என்று நான் எழுதிக் கொடுத்த பிராது

கொளஞ்சியப்பரை நம்பியிருக்கும் அன்பர்களுக்கு வணக்கம். நானும் உங்களைப் போல அந்த வாசலில் பிராது கட்டியவன்தான். ஒன்றல்ல, இரண்டு கட்டினேன். இரண்டாவதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். முதலாவதை எங்கள் பின்கட்டு ராஜாமணி ஒருத்தியைத் தவிர யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். வெட்கப்பட்டுக்கொண்டு சாட்சி சொன்னால் அது அரை சாட்சி என்று தோன்றியதால் இப்போது எழுதுகிறேன்.

எழுபத்தொன்றாம் வருஷம் புரட்டாசியில் என் வீட்டுக்காரி அம்சவேணி போய்ச் சேர்ந்தாள். மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் இல்லை. நான் அழவில்லை. தைரியசாலி என்று ஊரார் நினைத்தார்கள். தைரியமெல்லாம் இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனேன். சோற்றில் உப்பு இருக்கிறதா என்று தெரியாமலே சாப்பிட்டேன். யாராவது பேசினால் தலையை ஆட்டினேன்.

எங்களுக்கு ஒரே மகள், செல்வி. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. உடம்புக்குத்தான் பத்தொன்பது. புத்தி நாலு வயதோடு நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்தே அப்படி. மெட்ராஸ் வரை கொண்டுபோய்க் காட்டியாயிற்று. குளிப்பாட்ட வேண்டும், தலை வாரிவிட வேண்டும், தூரமான நாட்களில் பக்கத்திலேயே ஒரு பெண் துணை வேண்டும். பேச்சு இருபது முப்பது வார்த்தைதான். சிரிப்புக்கு மட்டும் பஞ்சமில்லை. அவளுடைய எல்லா வேலையையும் அம்சாதான் பார்த்தாள். சம்பளக் கவரை நீட்டிவிட்டால் என் கடமை முடிந்தது என்று இருந்தவன் நான்.

எனக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. சூளைக்கு நிலக்கரி போடுகிறவன். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அந்த ஒரே வேலைதான். அதனால் என் உள்ளங்கை காய்த்துப்போய்க் கட்டையாகிவிட்டது. கொதிக்கிற டீ கிளாஸை வெறுங்கையால் பிடிப்பேன், சூடு உறைக்காது. கூட வேலை பார்க்கிறவர்கள் அதை ஒரு வித்தை மாதிரி வேடிக்கை பார்ப்பார்கள். மனசும் அப்போது அந்தக் கை மாதிரிதான் இருந்தது.

எங்கள் வீட்டின் பின்கட்டில் ராஜாமணி குடியிருந்தாள். புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை. அவளுக்கும் எங்கள் கம்பெனியில்தான் வேலை. சுடாத பச்சைக் கோப்பைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவாள். அம்சா போன மறுவாரமே, யாரும் கேட்காமல், செல்வியையும் கையைப் பிடித்துக் கம்பெனிக்கு அழைத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். செல்வி என்ன செய்வாள் தெரியுமா? துடைத்து வைத்த பச்சைக் கோப்பையில் கட்டை விரலை அழுத்திவிட்டுச் சிரிப்பாள். ராஜாமணி திட்டிக்கொண்டே அதை மறுபடி துடைப்பாள்.

எனக்கிருந்த ஒரே கவலை இதுதான்: எனக்கு அப்புறம் இவளை யார் பார்ப்பது? ராஜாமணி உறவு இல்லை. இன்றைக்கு இருக்கிறாள், நாளைக்கு வேறு இடம் போகலாம், யாரால் தடுக்க முடியும்? கம்மாபுரத்தில் என் தம்பி பழனி இருந்தான். கருமாதி முடிந்த அன்றே சொன்னான்.

"அண்ணே, வூட்ட என் பேர்ல எழுதிடு. கடைசி வரைக்கும் அதுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தறேன்."

கெட்டவன் இல்லை. ஆனால் 'அதுக்கு' என்றான். ஆடுமாட்டைச் சொல்வது போல. அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. ஆனாலும் அவன் பேருக்கு எழுத வேண்டாம் என்று முடிவு செய்தேன். என் சுயசம்பாத்தியம், என் மகளுக்கே இருக்கட்டும் என்று ஐப்பசியில் செல்வியை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். வாசலில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்தார் பத்திரம் எழுதுகிறவர். முப்பது வயதுக்குள் இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

மேஜையில் ரேகை வைக்கிற மைப்பெட்டி இருந்தது. செல்வி அதைப் பார்த்ததும் கட்டை விரலைத் தோய்த்து, முன்னால் கிடந்த காகிதத்திலெல்லாம் வைக்க ஆரம்பித்தாள். வேறு யாரோ வாங்கி வைத்திருந்த முத்திரைத் தாளிலும் ஒன்று வைத்துவிட்டாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் திட்டவில்லை. பேனாவை மூடிவிட்டார்.

"ஐயா, இந்தப் பொண்ணு பேருக்கு எழுதாதீங்க. இன்னிக்கி உங்க எதிர்ல வெக்குது. நாளைக்கி எவன் மைப்பொட்டியும் தாளும் நீட்டினாலும் சிரிச்சிக்கினே வெச்சிரும். அப்புறம் ஊரெல்லாம் கேசுதான்."

அவர் சொன்னது சரி. தம்பி பேருக்கு எழுதினால் இவள் கஞ்சிக்குக் கை ஏந்த வேண்டும். இவள் பேருக்கு எழுதினால் ஒரு கட்டை விரலில் வீடு போய்விடும். எழுதாமல் விட்டால் நான் கண்ணை மூடின மறுநாள் எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்று ஆளாளுக்கு வந்துவிடுவார்கள். மூன்று பக்கமும் சுவர். செல்வி நீல விரலைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை மணவாளநல்லூர்க் கோயிலுக்கு சைக்கிள் மிதித்தேன். நம் சாமிக்கு முகம் கிடையாது, பலிபீடமாக இருக்கிறவர். முகம் இல்லாதது அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது. பிராது என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோர்ட்டுக்கு மனு எழுதுவது போலச் சாமிக்கு எழுத வேண்டும். பேர், ஊர், தாலுக்கா, குறை என்ன, என்ன செய்து தர வேண்டும், எல்லாம். சாமி காலடியில் வைத்து வாங்கி, விபூதியோடு மடித்து, முனியப்பர் எதிரில் வேலில் கட்டுவார்கள். மூன்று மாதத்தில் காரியம் முடியும். முடிந்ததும் வந்து வாபஸ் வாங்க வேண்டும்.

நான் எழுதியது இது: "என் மகள் செல்வியை எனக்கு ஒரு நாள் முன்னால் அழைத்துக்கொள்ள வேண்டியது."

லீவு லெட்டர் எழுதுவது போல எழுதினேன். கடைசியில் 'இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள' என்றுகூடப் போட்டேன். குருக்கள் படித்துப் பார்க்கவில்லை, அது வழக்கமில்லை. கட்டிவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

தை பிறந்தது. ஒரு நாள் காலையில் செல்வி எழுந்திருக்கவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் ராஜாமணி சூளைப் பக்கம் ஓடி வந்தாள்.

"அண்ணே, இன்னா மனுசன் நீங்க? பொண்ணுக்கு உடம்பு நெருப்பா கொதிக்குது. தொட்டுக்கூடப் பாக்கலியா?"

தொட்டுத்தான் பார்த்தேன். இந்தக் கைக்கு அது காய்ச்சல் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாளும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் தம்பி கம்மாபுரத்திலிருந்து வந்தான். செல்வியை எட்டிப் பார்த்தான். உச்சுக் கொட்டினான். பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டான்.

"எதுக்கும் கேட்டு வெக்கறேன்ண்ணே. வூட்டுப் பத்திரம் எங்க வெச்சிருக்க?"

எனக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? அவன் கேட்டதும் நான் எழுதிக் கொடுத்ததும் ஒன்றுதானே. அவனாவது வாயால் கேட்டான். நான் மனுவே போட்டிருக்கிறேன்.

அவன் பஸ்ஸுக்குப் போன பிறகு ராஜாமணி ஈரத்துணியைப் பிழிந்தபடி, "கொளஞ்சியப்பருகிட்ட வேண்டிக்கங்கண்ணே" என்றாள். ஏற்கெனவே வேண்டியாயிற்று என்றேன். என்ன வேண்டினேன் என்பதையும் சொன்னேன். அவள் துணியை அப்படியே கிண்ணத்தில் போட்டாள்.

"பெத்தவரா நீங்க? நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? நீங்களே போயி வாங்கிக்கினு வாங்க. போங்க! இங்க நிக்காதீங்க!"

உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்தேன். நடை சாத்துகிற நேரம். குருக்களிடம் பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன்.

"காரியம் முடிஞ்சுதா?"

"முடியலைங்க. முடிய வேணாம்ங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாபஸ் எழுதக் காகிதம் கொடுத்தார். முதல் பிராதை வாபஸ் வாங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து இரண்டாவதை எழுதினேன். "முன்னால் எழுதியது தப்பு. செல்வி எனக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். இருப்பதற்கு வழி காட்ட வேண்டியது." கடைசி வரியில் மசி கலைந்துவிட்டது. நான் அழுகிறேன் என்பது அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அம்சா போனதற்கும் சேர்த்து அழுதேன் போலிருக்கிறது.

அன்றே காய்ச்சல் இறங்கிவிடவில்லை. பொய் சொல்ல மாட்டேன். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் காலையில் செல்வி கண்ணைத் திறந்து, "டீ" என்றாள். மருந்துதான் காப்பாற்றியது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்த மருந்தும் சாமி கொடுத்ததுதான்.

ஆனால் நான் கேட்டதில் பாதிதான் ஆயிற்று. வழி? அது நாலு நாள் கழித்து வந்தது. செல்வி இளைத்துப் போயிருந்தாள், சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாள். ராஜாமணி ரசஞ்சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அவளைக் கேலி செய்தாள்.

"வாயத் தெறடி என் ராசாத்தி. நீ இருந்தாதான்டி எனக்கு இந்த வூடு. நீ போயிட்டா உங்கப்பா என்ன வெளிய தள்ளிப் பூட்டிக்குவாரு. எனக்காகவாவது துன்னுடி."

செல்வி சிரித்தாள், வாயைத் திறந்தாள். சாமி வேறு யார் வாயால் பேசும்? இத்தனை நாளும், எனக்குப் பிறகு வீடு யார் பேருக்கு என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். யார் பேருக்குப் போனாலும் இவள் அவர்களுக்குச் சுமை, அதனால்தான் எந்தக் கணக்கும் இவள் சாவில் போய் முடிந்தது. இவள் இருக்கும் வரைக்கும் யாருக்கு என்ன லாபம் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

மறுநாளே வேப்பமரத்தடிக்குப் போனேன். "அவ இருக்கிற வரைக்கும்தான் எல்லாருக்கும் எல்லாம். அவ போயிட்டா நம்ம ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. அப்படி எழுத முடியுமா?" என்று கேட்டேன். "நான் மேஜ போட்டதுலேருந்து இப்படி யாரும் கேட்டதில்லீங்க" என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்லி, தெரிந்த வக்கீல் ஒருவரைக் கலந்துகொண்டு உயில் எழுதினார்.

எனக்குப் பிறகு வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ செல்வி உட்பட யாருக்கும் அதிகாரம் இல்லை. அவள் கட்டை விரல் எங்கே விழுந்தாலும் செல்லாது. உயிர் உள்ளவரை அவள் அங்கே வாழ வேண்டியது. அவளைப் பார்த்துக்கொள்கிறவள் வாடகை இல்லாமல் கூட இருக்க வேண்டியது, தெருப்பக்கக் கடை அறையின் வாடகையும் மாதாமாதம் அந்தத் துணைப் பெண்ணுக்கே. செல்வி காலத்துக்குப் பிறகு, கூட இருந்தவள் ஒரு வருஷம் தங்கலாம். அப்புறம் வீடு கோயில் அன்னதானத்துக்குப் போய்விடும்.

ராஜாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வாடகைக்கா பாத்துக்கறேன்?" என்றாள். "உனக்காக இல்லம்மா. உனக்கும் வயசாவும், முடியாமப் போவும். உனக்கு அப்புறம் வர்றவளுக்காக" என்றேன்.

தம்பியை மறக்கவில்லை. கொல்லையில் இரண்டு தென்னை நிற்கின்றன, நன்றாகக் காய்க்கிறவை. செல்வி உயிரோடு இருக்கும் வரை அந்தக் காய் முழுவதும் அவனுக்கு. மாதம் ஒருமுறை அவனே நேரில் வந்து, செல்வியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பறித்துப் போக வேண்டும். பார்க்கிறவள் சரியில்லை என்றால் வேறு ஆளை வைக்கும் பொறுப்பும் அவனுக்கே. இதை எழுதும்போது பத்திரம் எழுதுகிறவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் தம்பி சிரிக்கவில்லை. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நான் சாகும் வரை காத்திருக்க வேண்டாம், காய் முற்றிவிட்டது என்று மூன்றாம் மாதம் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினேன், சாக்குப் பையோடு வந்தான்.

பங்குனியில் ரிஜிஸ்தர் ஆயிற்று. செல்விக்கு மைப்பெட்டியையும் எழுதாத வெள்ளைத்தாள் ஒன்றையும் கொடுத்தார்கள். ஆசை தீர வைத்தாள். அன்று சாயங்காலமே ராஜாமணியும் சேர்ந்து மூவரும் போய் இரண்டாவது பிராதை வாபஸ் வாங்கினோம். அது கட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இது எழுபத்தெட்டாம் வருஷம். எனக்கு நெஞ்சில் தூசி கட்டியிருக்கிறதாம். சூளையில் நின்றவர்களில் பலருக்கு இருக்கிறது. டாக்டர் நாள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் செல்விக்குக் காய்ச்சலா என்று கையால் பார்ப்பதில்லை, கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன். கன்னத்துக்குச் சூடு தெரிகிறது. உப்பும் தெரிகிறது, ராஜாமணி ஒரு கல் கூடுதலாகத்தான் போடுவாள்.

அன்பர்களே, இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நான் எழுதிய முதல் பிராதை நீங்களும் மனசுக்குள் எழுதியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சாமியிடம் போங்கள், தாராளமாகக் கேளுங்கள், எழுதியதைக் கட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். தப்பாக எழுதிவிட்டாலும் பயப்படாதீர்கள். திருப்பிக் கொடுக்கிற சாமி அவர்.

எனக்கு முன்னால் என்று நான் இப்போது கேட்பதில்லை. நான்தான் முதலில் போவேன். போன மாதம் படுக்கையில் கிடந்தபடியே தம்பி வருகிற சத்தம் கேட்டேன். சாக்குப் பையை வாசலில் போட்டான். என்னைக் கேட்கவில்லை, தென்னையையும் பார்க்கவில்லை. உள்ளே நுழையும்போதே, "எங்க என் செல்வி?" என்று கேட்டான்.