நடுவில் புல் முளைத்த சாலை

எங்கள் வீட்டு வாசலில் போகிற சாலையில் புல் முளைத்திருக்கிறது. ஓரத்தில் என்றால் இதை எழுதவே மாட்டேன். நட்ட நடுவில், தாரின் மேலேயே, ஒரு சாண் அகலத்துக்குப் பச்சைப்பசேலென்று மலை வரைக்கும் போகிறது. வண்டிச் சக்கரங்கள் இரண்டு பக்கமும் படும், நடுவில் படாது. அந்த வண்டியும் ஒரு நாளைக்கு நாலோ ஐந்தோதான். தார்ச்சாலை ஒன்று புல் முளைக்கிற அளவுக்குச் சும்மா கிடக்கும் என்பதை நம்பவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. நான் பிறந்து வளர்ந்தது அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய மண்ணூர்பேட்டையில். எங்கள் தெருமுனையில் புல் என்ன, ஒரு ஆள் முளைத்து நிற்பதற்கே இடம் கிடைக்காது.

வேல்ஸ் நாட்டில், மலையும் மேய்ச்சல் நிலமுமாகக் கிடக்கும் இந்த ஊருக்கு நாங்கள் வந்து நாலு வருஷம் ஆகிறது. கணவருக்குப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு ஆனால் எங்கெங்கோ உள்ள நகரங்களிலிருந்து ஜனங்கள் சைக்கிளைக் காரின் முதுகில் கட்டி எடுத்துக்கொண்டு இந்தச் சாலைக்கு வருகிறார்கள். வண்டி வராத சாலைகளுக்கென்றே தனி வரைபடம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் ஒருவர் எங்கள் கேட்டருகே நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மேலே போனால் எப்படி இருக்கும் என்று கேட்டார். எனக்கோ அவரை நினைத்துச் சங்கடம். மன்னிக்க வேண்டும், அங்கே ஒன்றுமே இல்லை, கடை இல்லை, பஸ்ஸும் தினம் வராது, மூன்று மைலுக்கு ஆள் நடமாட்டமே இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அந்த மனிதர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறிப் போனார்.

என் மகள் மகிழுக்குப் பதினோரு வயது. அவளுடைய சிநேகிதி மேகன் வீடு மலைக்கு அந்தப் பக்கம், மூன்று மைலில் இருக்கிறது. எங்கள் கேட்டில் நின்றால் சாலை கீழே ஓடைக்கு இறங்குவதும், எதிர்ச்சரிவில் வளைந்து வளைந்து ஏறுவதும், உச்சியில் ஒரு மரத்தடியில் மறைவதும் தெரியும். இந்தக் கோடையில் மகிழ், அங்கே தனியாக சைக்கிளில் போக வேண்டும் என்று ஆரம்பித்தாள். மேகன் தனியாக வருகிறாள், நான் ஏன் போகக் கூடாது என்று கேட்டாள். எனக்கோ பயம் மட்டும் இருந்தது. எதற்குப் பயப்படுகிறேன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நானும் ஒரு காலத்தில் சைக்கிள் ஓட்டியவள்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அம்பத்தூர் எஸ்டேட் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவேன். ஒருநாள் காலை, ஒரு கம்பெனி வாசலில் திரும்பிய லாரி என் ஹேண்டில்பாரை உரசிவிட்டது. விழுந்தேன். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். லாரியின் பின்சக்கரம் என் பை மேல் ஏறியதில் டிபன் பாக்ஸ் அப்பளமாக நசுங்கிப்போனது. என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்துப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்தார். சாயங்காலம் வந்து அந்த டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் என் சைக்கிள் மொட்டை மாடிக்குப் போய்விட்டது, சங்கிலி போட்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவரே தன் மொபெட்டில் கொண்டுபோய் விட்டார். வகுப்பில் எல்லாப் பெண்களும் கூட்டமாக சைக்கிளில் சிரித்துக்கொண்டு போவார்கள். நான் அப்பாவின் முதுகைப் பார்த்தபடி அவர்களைக் கடந்து போவேன். அந்தக் கோபம் எனக்கு நைனா மேல் ரொம்ப வருஷம் இருந்தது. உண்மையைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

ஆகவே, மகளிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன், என் புத்தியை மெச்சிக்கொண்டு. அவள் முன்னால் சைக்கிளில் போவாள், நான் பின்னால் காரில் வருவேன். அவளும் உம்மென்று ஒத்துக்கொண்டாள்.

நம் ஊரில் ஹார்ன் என்றால் கோபம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். லாரிக்காரர்கள் வண்டியின் முதுகிலேயே ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதி வைத்துக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். நான் இருக்கிறேன், நீயும் இரு, பார்த்து வா என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த நினைப்பில், ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தரம் அடித்தேன். எதிரே யாராவது வந்தால், முன்னால் ஒரு குழந்தை வருகிறது என்று தெரியட்டுமே. மேட்டில் அவள் மூச்சு வாங்கியபோது, அம்மா பின்னால்தான் இருக்கிறேன் என்று தைரியம் சொல்வதற்காகவும் ஒன்று அடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் சிதறி ஓடின. மகிழ் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாகக் கவனமாக ஓட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வளைவில் ஒரு ஆட்டுப்பண்ணைக்காரர் தன் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினார். நேராக மகிழிடம் போனார். “பயப்படாதே பாப்பா. இந்தக் கார் எவ்வளவு நேரமாக உன்னைத் துரத்துகிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மகிழ் தலையைக் குனிந்துகொண்டாள். “அது என் அம்மா” என்றாள். அவர் என்னிடம் வந்தார். நான் கண்ணாடியை இறக்கி, குழந்தைக்குப் பாதுகாப்பாக வருகிறேன் என்றேன். மனிதர் சாலையை மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “எதிலிருந்து?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அந்த மலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரே வண்டி என்னுடையதுதான்.

அன்று மாலை மகிழ் சைக்கிளைக் கொட்டகையில் தள்ளிவிட்டு, “இனிமே நான் ஓட்டல. நீ நிம்மதியா இரு” என்றாள். அழவில்லை, கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மொட்டை மாடியில் சங்கிலி போட்டதாவது நைனா கையால் போட்டது. இங்கே குழந்தையே தன் கையால் போட்டுக்கொள்ளும்படி வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை காலை நானே சைக்கிளை வெளியே எடுத்து, காற்று அடித்து, கேட்டருகே நிறுத்தினேன். “போய்ட்டு வா. அங்க போனதும் மேகன் அம்மாவை ஒரு மெசேஜ் போடச் சொல்லு” என்றேன். அவள் நம்பவில்லை. “கார் சாவி எங்க?” என்று கேட்டாள். எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள், கெட்டிக்காரி.

அவள் ஓடைக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சனிக்கிழமை அந்த நேரத்துக்கு நைனா வீடியோவில் கூப்பிடுவார். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். பால்கனியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பஸ், ஆட்டோ, யாரோ இரும்பு அறுக்கும் சத்தம் எல்லாம் கேட்டது.

“இன்னாம்மா, கொயந்த எங்க?”

“சைக்கிள்ல போறா நைனா. சிநேகிதி ஊட்டுக்கு.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “லாரி வருமா?” என்று கேட்டார்.

“இங்க லாரியே கெடையாது.”

“பஸ்ஸு?”

“வாரத்துல ரெண்டு நாளு.”

“அப்ப இன்னாத்துக்கு உன் கொரலு நடுங்குது?”

போனைத் திருப்பி மலையைக் காட்டினேன். அவருக்கு வெறும் பச்சைதான் தெரிந்தது. “எனுக்கு ஒண்ணும் தெர்ல. நீ பாத்துகினே சொல்லு, நான் கேட்டுகினு கீறேன்” என்றார். சொல்ல ஆரம்பித்தேன். ஓடையத் தாண்டிட்டா. மேடு ஏறுறா. எறங்கித் தள்ளிகினு போறா. மறுபடி ஏறி உக்காந்துட்டா. நாலு வருஷமாக நான் அந்த மலையைப் பற்றி யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. மகிழின் ஆரஞ்சு நிறச் சட்டை ஒரு பொட்டாகி, உச்சி மரத்தடியில் போய் மறைந்தது.

“இப்போ?” என்றார் நைனா.

மறைந்துவிட்டாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. “போய்க்கினு கீறா” என்றேன். அவர் கேட்கக் கேட்க நானும் சொல்லிக்கொண்டே போனேன். நேரா போறா. இடது பக்கம் திரும்புறா. ஓரமா வேப்ப மரம். லாரி ஒண்ணு நிக்குது, பாத்து ஒதுங்கிப் போறா.

“லாரியா?” என்றார். “இப்பதான லாரியே கெடையாதுன்ன?”

போனைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தேன். “தெர்ல நைனா. மேட்டத் தாண்டிட்டா. அப்பவே எனுக்கு ஒண்ணும் தெர்ல” என்றேன்.

“தெரியும்மா. நீ சொன்னது நீ அப்ப இஸ்கோல் போன நம்ம எஸ்டேட்டு வயி” என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, “பரவால்ல, நிறுத்தாத. அந்த லாரியத் தாண்டி இஸ்கோல் வரிக்கும் கொண்டுபோய் உட்டுடு” என்றார்.

போனின் மேல்விளிம்பில் மேகன் அம்மாவின் செய்தி வந்து நின்றது: வந்துவிட்டாள், தோட்டத்தில் விளையாடுகிறார்கள். அதை நைனாவிடம் உடனே சொல்லவில்லை. எதிரே ஆள் அரவமற்ற மலையைப் பார்த்துக்கொண்டு, அவரிடம் சொல்லிக்கொண்டே என் பழைய சைக்கிளில் லாரியைத் தாண்டினேன், கம்பெனி வாசலைத் தாண்டினேன், பெண்கள் கூட்டமாகப் போகும் தெருவில் திரும்பினேன். நைனா உம் கொட்டிக்கொண்டே கூட வந்தார்.