ஒரு சாண் இறக்கிய மைக்

மைக் கையில் கிடைத்தால் சேனாபதிக்கு இரண்டு வேலை. விரலால் தட்டி "ஹலோ, ஹலோ" என்பார். தன் அறிவிப்பு முடிந்ததும் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, சரியாக ஒரு சாண் இறக்கிவிட்டுப் போவார். அமெரிக்காவில், காப்பெல் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் யாரும் அவ்வளவு குள்ளமில்லை. பொங்கல் விழாவில் ஒரு டாக்டரம்மா பாதிப் பேச்சைக் குனிந்தபடியே பேசி முடித்தார்.

"ஏனுங்க, யாருக்கு இறக்குறீங்க?" என்று மனைவி சாரதா கேட்டால், "பழக்கம் சாரதா, உட மாட்டேங்குது" என்பார்.

தாராபுரத்தில் பிடித்த பழக்கம். கல்லூரி நாட்களில் கட்சித் தலைவரின் ஜீப்புக்கு முன்னால் போகும் பிரசார வண்டியில் இவர்தான் குரல். தலைவர் குள்ளம். அவர் மேடையேறுவதற்குள் மைக்கை இறக்கி வைப்பதும் இவர் பொறுப்பு. ஏறும்போது தலைவர் இவர் தோளில் தட்டி, "தம்பி, தொண்டை கட்டிக்கப் போவுது, சுடுதண்ணி குடி" என்பார். முப்பது வருடமாகியும், டெக்ஸாஸ் வெயில் மண்டையைப் பிளக்கும்போதுகூட, ஆபீஸ் மீட்டிங்குக்கு சேனாபதி சுடுதண்ணி பிளாஸ்க்கோடுதான் போகிறார்.

போன வாரம் தலைவர் காலமானார். சேனாபதி கிளம்பத் துடித்தார். விசா முத்திரை காலாவதியாகிவிட்டது; போனால் திரும்பி வர அமெரிக்கத் தூதரகத்தில் ஸ்டாம்பிங் தேதி கிடைக்க எட்டு மாதம், அதற்குள் வேலை போய்விடும். இறுதி ஊர்வலத்தை சோபாவில் உட்கார்ந்து போனில் பார்த்தார். முன்னால் போன வண்டியில் வேறு யாரோ அறிவித்துக்கொண்டு போனார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இனி அவருக்கு மிஞ்சிய ஒரே வழியனுப்பல், ஞாயிற்றுக்கிழமை நூலக அறையில் சங்கம் நடத்திய நினைவேந்தல்.

"சேனாபதி, த்ரீ மினிட்ஸ்தான். நாலு மணிக்கு யோகா க்ளாஸ்காரங்க ரூம் புக் பண்ணியிருக்காங்க" என்று செயலாளர் கோபாலசாமி முன்பே சொல்லிவிட்டார். அந்த மூன்று நிமிடத்தை நான்கு நாள் எழுதினார். சாரதாவிடம் படித்துக் காட்டும்போது இரண்டு இடத்தில் அழுதார்.

மைக் முன்னால் போய் நின்றார். கார்னேஷன் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த தாள் மறந்தே போயிற்று. வாயைத் திறந்தால் பழைய பிரசாரக் குரல் வந்தது.

"இதோ, இன்னும் சற்று நேரத்தில், உங்களைக் காண வந்துகொண்டிருக்கிறார் நம் அன்புத் தலைவர்..."

அதோடு நின்றுவிட்டது. பின்வரிசையில் கட்சிக்கூட்டம் நிறையப் பார்த்த மணியன் அங்கிள், தன்னை அறியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தார். சேனாபதியும் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்க்கிங்கில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, யூ ஓகே?" என்றாள் முன்வரிசையில் இருந்த மகள் கயல்.

அவர் திருகைத் தளர்த்தினார். மைக்கை ஒரு சாண் இறக்கி, இறுக்கினார். பிறகு இரண்டடி ஒதுங்கி, கைகட்டி, வழிவிட்டு நின்றார்.