வண்டிப்பேட்டைக்கு வழிவிட்ட வீடு

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். எனக்கு இருபத்தாறு வயது. ராயகிரியில் பிறந்து சங்கரன்கோவிலுக்கு வாழ வந்தவள் நான். என் கணவர் கடைவீதியில் வாடகைக்கு ஒரு சின்னக் கடை பிடித்துப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் விற்றுக்கொண்டிருந்தார். மாமியாருக்குக் கடையைப் பற்றி அக்கறை கிடையாது. அத்தைக்கு எல்லாம் வீடுதான். மாமனார் இறந்த பிறகு சூளைக்காரனிடம் பேரம் பேசி, மரம் வாங்கி, கொத்தனாரோடு சண்டை போட்டு அவரே கட்டிய வீடு அது. பட்டாவும் அவர் பேரில்தான் இருந்தது.

ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டோரமாக எட்டு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. தெற்குக் கடைசி எங்களுடையது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தாலுகா ஆபீஸ் சேவகர் பசை வாளியோடு வந்து எல்லாக் கதவுகளிலும் ஒரே மாதிரிக் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் பெண்கள் எங்கள் வாசலில் கூடினார்கள். உரக்க வாசித்தேன். புதிய கடைத்தெரு கட்டுவதற்காக எட்டு மனைகளையும் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

“நம்ம வீட்ட இடிச்சிட்டு எவனோ வந்து கடை போடுவானா?” என்றார் பக்கத்து வீட்டு மதினி. இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை. “நாங்க எங்கன போறது?”

அத்தை கதவிலிருந்த காகிதத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பசை இன்னும் காயவில்லை. “கதவுக்கு எண்ணெ போட்டு முழுசா ரெண்டு நாளு ஆகல. அதுல போயி ஒட்டிட்டுப் போயிட்டான்,” என்றார்.

மத்தியானம் சாப்பிட வந்த என் கணவர் நோட்டீஸைப் படித்துவிட்டு வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். “கடைத்தெரு வந்தா நல்லதுதான் ஏட்டி. பனவடலிசத்திரத்துலேருந்து வாரவனும் மேலநீலிதநல்லூர்லேருந்து வாரவனும் வண்டிய நிறுத்த எடமில்லாம தெனமும் மல்லுக்கட்டுதான்.”

“வரட்டும். யாரு வேண்டாம்னு சொன்னா? வீட்டு மேலதான் வரணுமா?” என்றேன்.

கேட்டபோது கோபத்தில்தான் கேட்டேன். கேட்ட பிறகு, இது வெறும் கோபமில்லை, சர்க்காரிடமே கேட்க வேண்டிய கேள்வி என்று தோன்றியது. மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். குமாஸ்தா என் கணவரைப் பார்த்தார். அவர் என்னைக் கைகாட்டினார். குமாஸ்தா அலுத்துக்கொண்டே படத்தை மேஜையில் விரித்தார்.

எட்டு வீடுகளுக்கும் பின்னால் பழைய வண்டிப்பேட்டை கிடந்தது. முன்பு மாட்டுவண்டிகள் அவிழ்த்துப் போடுகிற புறம்போக்கு நிலம். இப்போது உடைமரம் மண்டி, ஆடு மேய்கிற இடம். படத்தில் அந்த இடத்துக்குக் குறுக்கே ஒரு ஓடை போட்டிருந்தது.

“இதுல ஏன் கட்டல?”

“ஓடைல எப்படிம்மா கடை கட்ட முடியும்?”

“அங்கன ஓடை எங்க இருக்கு? நான் வந்த நாள்லேருந்து ஒரு சொட்டுத் தண்ணி ஓடிப் பாக்கலியே.”

குமாஸ்தா படத்தைச் சுருட்டி வைத்தார். அத்தையிடம் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. ரயில் பாதை போட்டபோதே அந்த ஓடையை மேற்கே திருப்பிவிட்டார்களாம். படம் அதற்கும் முந்தியது.

அன்று சாயங்காலமே கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துப் பத்து முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். தெருவே வண்டிப்பேட்டைக்குள் இறங்கியது. மதினிமார் முள்ளை ஒதுக்க, நானும் என் கணவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அளந்தோம். கடைவரிசை முழுவதும் கட்டினாலும் வண்டி நிறுத்த இடம் மிஞ்சியது. எல்லோரும் சிரித்தார்கள். “சோலி முடிஞ்சுது!” என்று யாரோ கத்தினார்கள்.

முடியவில்லை. வண்டிப்பேட்டைக்கு மேற்கே ரயில்வே வேலி, வடக்கிலும் தெற்கிலும் பள்ளம். ரோட்டோரம் வீடுகள் வந்த பிறகு, உள்ளே வர எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய ஒற்றையடிப் பாதை ஒன்றுதான் மிச்சம். அதில் பாரவண்டி நுழையாது. வேறு எங்கே வழி திறந்தாலும் இரண்டு வீடு போகும். பாதையோடு சேர்த்து எடுத்தால் ஒரே வீடு போதும். எங்கள் வீடு.

கயிற்றைச் சுருட்டியபடி நிமிர்ந்து பார்த்தேன். என் கணவரும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மறுநாள் காலையில் அத்தையிடம் சொன்னோம். சொன்னது நான்தான், அவருடைய பிள்ளைக்கு வாய் வரவில்லை. அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

“வழியப் பத்தி நாம எழுதலேன்னா?”

“அதிகாரி வந்து பாத்தா கேப்பாரு அத்தை. வழி இல்லேன்னு சொல்லி எட்டு வீட்டையும் எடுத்துருவாங்க.”

முறம் நிற்கவில்லை. உமி பறந்துகொண்டே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. புடைத்துக்கொண்டே சொன்னார். “எட்டும் போறதுக்கு ஒண்ணு போகட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. எனக்கு வீடு கட்ட எடம் எங்கன தாராங்கன்னு எழுத்துல வாங்கணும். அங்கன ஓடு வேயுற வரைக்கும் இங்கேருந்து நான் எந்திரிக்க மாட்டேன். இதையும் சேத்து எழுது.”

எழுதினேன். எட்டு வீட்டாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள்.

விசாரணை நாளன்று ஆபீஸ் வராந்தாவில் எங்கள் முறை வந்ததும் டவாலிச் சேவகர், “ஆம்பளைங்க யாராவது வந்து பேசுங்க,” என்றார்.

“எழுதினவதான் பேசணும்,” என்று என் கணவர் ஒதுங்கி நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் செய்தவற்றில் அதை நான் முதலில் வைப்பேன்.

அதிகாரி வெளியூர்க்காரர், நடுவயசு. மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏழு வீட்டைக் காப்பாத்தச் சொல்றீங்க. எட்டாவதை எடுத்துக்கங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அது யார் வீடும்மா?”

“எங்க வீடு.”

“யோசிச்சுத்தான் எழுதினீங்களா?”

“யோசிச்சு, அளந்து எழுதினோம் சார். கயிறு வெளியதான் இருக்கு, வேணும்னா எடுத்துட்டு வாரேன்.”

அவர் சிரிக்கவில்லை. நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். சொன்னபடி அடுத்த வாரம் சர்வேயரோடு வந்தார். சங்கிலி போட்டு அளந்தார்கள். எங்கள் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் மூன்று முழம்தான் வித்தியாசம். அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “எனக்கு எடம் எங்கன?” என்று நேராகவே கேட்டார். அதிகாரி மோரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிப்பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வடக்கு மூலையில் மேடான ஓர் இடத்தைக் காட்டினார். அத்தை அங்கே போய்க் காலால் மண்ணை உதைத்துப் பார்த்தார். “பாறை இருக்கு. அஸ்திவாரம் நிக்கும்,” என்றார்.

உத்தரவு வர நான்கு மாதமாயிற்று. ஏழு வீடுகளுக்கும் விடுதலை. எங்கள் வீடு சர்க்காருக்கு. வடக்கு மூலை மனை அத்தை பேருக்கு. புது வீட்டுக்கு ஓடு வேயும் வரை அவகாசம் என்பதும் எழுத்திலேயே வந்தது. அதைத்தான் அத்தை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

தெருவே வந்து வீடு கட்டியது என்று சொன்னால் மிகையில்லை. மதினிமார் தண்ணீர் சுமந்தார்கள், அண்ணாச்சிமார் மரம் தூக்கினார்கள். அத்தை வழக்கம்போல் கொத்தனாரோடு சண்டை போட்டார். பழைய வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து புது நிலையில் மாட்டினோம்.

பழைய சுவர்களை இடித்த அன்று எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அடுப்பு இருந்த இடத்தின் மேல் பருத்திக்கொட்டை மூட்டைகளோடு முதல் பாரவண்டி திரும்பி உள்ளே போனபோது, அச்சு பக்கத்து வீட்டுச் சுவரில் உரசாமல் போகிறதா என்றுதான் பார்த்தேன். உரசாமல் போனது. நாங்கள் அளந்தது சரி என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அத்தைக்கு அப்படியில்லை. இரண்டு வருஷம் அவர் அந்த வழியில் கால் வைக்கவில்லை. கோயிலுக்குப் போவதென்றாலும் பள்ளத்தில் இறங்கி ஏறிச் சுற்றித்தான் போவார். மழை நாளில் சேலை முழுக்கச் சகதியோடு திரும்புவார். நான் ஒன்றும் சொன்னதில்லை. சேலையை வாங்கித் துவைத்துப் போடுவேன்.

புதிய வரிசையில் என் கணவருக்கும் ஒரு கடை கிடைத்தது. குலுக்கலில் மூன்றாவது முறைதான் கிடைத்தது. ஒரு நாள் பழைய வீட்டு வழியாக அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறபோது அத்தை பின்னாலேயே வந்தார். அந்த வழியின் பாதியில் நின்று, “இங்கனதான் நெல்லுக் குதிர் நின்னுச்சு,” என்றார்.

“ஆமா அத்தை.”

“வெயிலு ஏறுது. நட,” என்று எனக்கு முன்னால் நடந்தார்.