என் அழுகையைப் படம் எடுத்தவனுக்கு

நீ செய்தது திருட்டு. அதற்கு வேறு பெயர் கிடையாது. போன வருஷம் ஆடி மாதம், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில், இடுப்பளவு காவிரியில் நின்று நான் அழுததை எனக்குத் தெரியாமல் செல்போனில் எடுத்தாய். ஒரு சோகப் பாட்டைச் சேர்த்து, 'அப்பா இருக்கும்போதே கொண்டாடுங்கள்' என்று எழுதி, ஊருக்கே காட்டினாய்.

என் அப்பா உயிரோடு இருக்கிறார். அன்று நான் கரைத்தது என் தாய்மாமனின் அஸ்தி.

மாமா உப்பிலியபுரம் பக்கம் விவசாயம் பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்கு ஒரே தம்பி. தினமும் காலையில் அம்மாவுக்கு போன் செய்து மாடு, மழை, கத்தரிக்காய் விலை என்று கால் மணி நேரம் பேசுவார். அம்மாவுக்குத் திருச்சியில் பைபாஸ் ஆபரேஷன் நடந்த மறுநாள், வயலில் மோட்டார் போடப் போனவர் அங்கேயே விழுந்து இறந்துவிட்டார்.

அம்மாவிடம் இப்போது சொல்லவே கூடாது, அதிர்ச்சியைத் தாங்க மாட்டார் என்றார் டாக்டர். அதனால் பொய் சொன்னோம். மாமாவின் போன் கிணற்றில் விழுந்துவிட்டது, நடவு நேரம், அவரால் வர முடியவில்லை என்றோம்.

"அவன் எத்தனை தடவைதான் போனைத் தண்ணியில போடுவான்?" என்று அம்மா திட்டினாள். என் மொட்டையைப் பார்த்ததும் என்னடா என்றாள். உனக்காக சமயபுரத்தில் வேண்டிக்கொண்டேன் என்றேன். நம்பினாள்.

நான் மன்னார்புரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புதிதாக எந்த ஆப் வந்தாலும் முதல் நாளே போட்டுப் பார்ப்பவன். அம்மாவுக்கு போன் வாங்கிக் கொடுத்து, ரீல்ஸ் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். வார்டில் படுத்தபடி அதைத்தான் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது போகட்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

அஸ்தி கரைத்த மூன்றாம் நாள் கடையில் இருந்தேன். சிம் வாங்க வந்த பெண் என் முகத்தையே பார்த்தார். போனை என் பக்கம் திருப்பி, "அண்ணே, இது நீங்கதானே? அப்பாவுக்கு என்னாச்சுண்ணே?" என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அதே நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவின் பட்டன் போன் அடித்துக்கொண்டிருந்ததாம். அவரோடு பஸ்ஸில் வேலை பார்த்த பழைய டிரைவர், அழுகிற குரலில், "எப்பங்க தவறினார்?" என்று கேட்டிருக்கிறார்.

"யாரு, நானா? காலைல நாலு இட்லி சாப்பிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகலையே" என்றாராம் அப்பா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆப் எல்லாம் எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். அதே ஊர், அதே சொந்தக்காரர்களின் லைக். அந்த வீடியோ அம்மாவின் போனுக்கும் வந்தே தீரும். மொட்டைத் தலையோடு நான் சட்டியைத் தண்ணீரில் விடுவதை அவள் பார்த்தால் போதும். அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார். செத்தது யார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆகாது. அவள் நெஞ்சுத் தையல் இன்னும் பச்சையாக இருந்தது.

வீடியோ மேல் புகார் கொடுத்தேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. உனக்கு மெசேஜ் அனுப்பினேன். நீ என்ன எழுதினாய், நினைவிருக்கிறதா? "ப்ரோ, பப்ளிக் பிளேஸ்தானே? நல்ல மெசேஜ்தானே போட்டிருக்கேன். உங்களை டேக் பண்ணட்டுமா?" அம்மாவின் நிலைமையைச் சொல்லிக் கெஞ்சினேன். என்னை பிளாக் செய்துவிட்டாய்.

ஷட்டரைக்கூட முழுதாக இறக்காமல் வண்டியை எடுத்தேன். வார்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணைக்கு அடியில் போன் இல்லை.

பக்கத்துப் படுக்கையில் தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து, என்னை வெளியே வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அதுவரை அவரிடம் நான் நான்கு வார்த்தைகூடப் பேசியதில்லை. பையிலிருந்து அம்மாவின் போனை எடுத்துக் காட்டினார்.

"இது எங்கிட்டதான் இருக்கு தம்பி. காலைல அந்த வீடியோ என் போன்ல வந்துச்சு. பார்த்ததும் நீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. உங்க அப்பா இங்க நல்லா உட்கார்ந்திருக்கார். அப்ப வேற யாரையோ அம்மாகிட்ட மறைக்கிறீங்கன்னு புரிஞ்சுது. என் போன் ரிப்பேருன்னு சொல்லி இதை வாங்கி வெச்சுக்கிட்டேன்."

"அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"யாருன்னு சொல்லாதீங்க. எனக்குத் தெரிய வேணாம். நீங்க அழுததை நான் பார்த்திருக்கவே கூடாது. மன்னிச்சுக்கங்க தம்பி."

எதற்கெடுத்தாலும் கத்துகிறவன் நான். அன்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். எத்தனையோ பேர் என் அழுகைக்கு இதயம் போட்டார்கள். மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு பெண்தான்.

அம்மா சும்மா விடவில்லை. "எம்மவன் கடைதாம்மா வெச்சிருக்கான். உன் போனை அவன்கிட்ட குடு, சரி பண்ணிடுவான்" என்றாள். அந்த அக்கா என்னைப் பார்த்தார். பார்ட்ஸ் வரணும்மா என்றேன்.

"உன் கடையில என்னைக்குடா பார்ட்ஸ் இருந்திருக்கு?" என்றாள் அம்மா. வார்டே சிரித்தது.

டிஸ்சார்ஜ் ஆகும்வரை அந்த போன் அவர் பையில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் போனிலிருந்து அந்த ஆப்பையே எடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, டாக்டரிடம் கேட்டுவிட்டு, அப்பாவும் நானும் அம்மாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சொன்னோம். அம்மா கத்தவில்லை.

"யாரு கொள்ளி வெச்சது?"

"நான்தாம்மா."

என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். லேசாக முளைத்திருந்த முடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஆத்துல தனியாவாடா நின்ன?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். அதற்குத்தான் அவள் அழுதாள்.

அந்த வாரம் அதே ஆப்பில் என் கடைக்காக நான் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு பெரியவர் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கத்திப் பேசும் வீடியோ அதில் இருந்தது. என் கடைக்கு வந்தபோது நான் எடுத்தது. சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போட்டதும் நான்தான். அவரிடம் கேட்கவில்லை. உடனே அழித்தேன். இரண்டு நாள் காலையில் மார்க்கெட்டில் தேடி, ஆளைக் கண்டுபிடித்து உண்மையைச் சொன்னேன்.

"எம் பொண்ணு பார்த்துச்சுங்க. இனிமே அந்தக் கடைக்குப் போகாதப்பான்னுச்சு" என்றார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

அதனால் எல்லோரும் படிக்கும் இந்த இடத்தில் எழுதுகிறேன்: நான் செய்தது தப்பு. அடுத்தவர் முகத்தை எடுக்க நமக்கு உரிமை இல்லை, பார்த்துவிட்டால் கண்ணைத் திருப்பிக்கொள்வதுதான் மரியாதை என்பதை, பேர்கூடத் தெரியாத அந்த அக்காவிடம்தான் நான் கற்றேன்.

உன் வீடியோ இன்னும் அப்படியேதான் இருக்கிறது. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தாயா? எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பாதே. அந்த வீடியோவுக்குக் கீழே, பார்த்த எல்லோருக்கும் தெரியும்படி, பதில் சொல்.